எஞ்சின் ஏன் இருமுகிறது?

வெண்ணெய் திரண்டு வரும் வேளையில் தாழி உடைந்தாற்போல என்று நம் வீடுகளிலே சொல்வார்கள். மோட்டார்க் காரொன்றின் எஞ்சினை முற்றாகக் கழற்றிப் புதுப்பித்தவர்களுக்கு அப்பழமொழியின் பொருள் நன்கு விளங்கும். சிலிண்டர்களைக் கடைந்து, புதிய பிஸ்ரன்களும் வளையங்களும் இட்டு, வால்வுகளை அரைத்து, மாதக்கணக்கில் உழைத்து எல்லாவற்றையும் பூட்டி முடித்தாயிற்று. ஈற்றில் திறப்பைத் திருப்பும்போது எஞ்சின் இயங்க மறுக்கிறது. அன்றேல் காபரேற்றர் வழியாகப் 'படார்' என்று ஒருமுறை இருமி ஓய்ந்து விடுகிறது.

இத்தகைய இடர்ப்பாட்டைக் குறித்து மாணவ வாசகர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையார் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு, 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்றின் எஞ்சினைப் புதுப்பித்திருக்கிறார். மூன்று நாட்களாக முயன்றும் எஞ்சின் இயங்கவில்லை. வந்து பார்த்தவர்களுள் ஒருவர் காபரேற்றரில் பிழை என்றார். மற்றொருவர் வால்வு என்றார். இன்னொருவர் டிஸ்றிபியூட்டரை இரு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பற்றரியும் ஓய்ந்துவிட்டது. 'பழைய இரும்புக்கு விற்றுவிடலாம்' என்று தந்தையார் பேசத் தொடங்கிவிட்டாராம். என்ன செய்யலாம் என்று கேட்கிறார் மகன்.

இக்கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 1948இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனர், 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டது. அவற்றுள் நம் நாட்டுக்கு வந்தவை பல இன்றும் ஓடுகின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் பழைய கார்களின் அருமையைப் பலரும் உணர்ந்தனர். ஆதலின் அவர் கேள்விக்கு இவ்வாரம் சற்று விரிவாகவே விடையிறுப்போம்.

முதலில் எஞ்சினுக்குள்ளே நிகழ்வது யாது என்பதை நினைவுகூர்வோம். உறிஞ்சுதல், நெருக்குதல், வெடித்தல், வெளியேற்றுதல் என நான்கு தொழில்கள் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒழுங்காக நிகழ்கின்றன. இந்நான்கும் முடிவுறக் கிராங்குத் தண்டு இருமுறை சுற்றுகிறது. ஆகவே பிஸ்ரன் தன் மேலெல்லைக்கு இருமுறை வருகிறது. ஒருமுறை, கலவையை நெருக்கிக்கொண்டு வருகிறது. மறுமுறை, எரிந்த புகையை வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. தீப்பொறி வேண்டப்படுவது முதலாவதன்போது மட்டுமே. இவ்விரண்டும் வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தோன்றும். இதை நன்றாக மனத்தில் இருத்துக. எஞ்சினைப் புதுப்பித்தவர்களின் குழப்பத்திற் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

தீப்பொறி பிஸ்ரன் மேலெல்லையை அடைவதற்குச் சற்று முன்னரே எழ வேண்டும். பெற்றோற் கலவை ஒரு நொடிப்பில் எரிந்துவிடுவதில்லை. சுவாலை சிலிண்டர் முழுவதும் பரவ ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிசெக்கன் செல்லும். மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 முறை சுற்றுமாயின், ஒரு மில்லிசெக்கனில் கிராங்குத் தண்டு 6 பாகை திரும்பும். 3000 முறை சுற்றுமாயின் 18 பாகை திரும்பும். ஸ்ராட்டர் மோட்டார் நிமிடத்துக்கு 150 முறை சுற்றும்போதோ 1 பாகைகூடத் திரும்பாது. ஆகவே முதன்முதல் இயக்கும்போது மிகச் சிறிய முந்துகையே போதும். வேகம் ஏறும்போது டிஸ்றிபியூட்டருக்குள் இருக்கும் சிறு நிறைகள் வெளிநோக்கி விரிந்து தீப்பொறியைத் தாமே மேலும் முந்தச் செய்கின்றன.

தீப்பொறி மிக முந்தினால், மேலே வரும் பிஸ்ரனை வெடிப்பு எதிர்த்துத் தள்ளும், ஸ்ராட்டர் திணறும். மிகப் பிந்தினால் எஞ்சின் வலுவின்றி இயங்கும், சூடேறும், புகைக்குழாயில் வெடிக்கும். முற்றிலும் தவறான சுற்றில் எழுந்தாலோ, உறிஞ்சும் வால்வு திறக்கத் தொடங்கும் வேளையில் தீப்பற்றும். சுவாலை காபரேற்றர் வழியாகவே திரும்பி வரும். நம் வாசகர் கேட்கும் இருமல் பெரும்பாலும் இதுவாகலாம்.

நிற்க. 'இன்னுமொரு முறை திருப்பிப் பார்ப்போம்' என்று திறப்பை மீண்டும் மீண்டும் திருப்புவதால் பற்றரி மட்டுமன்று கெடுவது. எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும்; புதிய வளையங்கள் வறண்ட சுவரில் உராயும். காம் தண்டும் டப்பட்டுகளும் புதியவையாயின் இடர் இன்னும் பெரிது. அவை எஞ்சின் சற்று வேகமாகச் சுற்றும்போது தெறிக்கும் எண்ணெயையே நம்பியிருக்கின்றன. அதனாலேதான் புதிய காம் தண்டு இட்ட எஞ்சினை, இயங்கிய உடனே மெதுவாக ஓட விடாமல், நிமிடத்துக்கு 2000 சுற்றளவில் 20 நிமிடம் வரை ஓட்டுமாறு கூறுவர். இருமி இருமி நின்றுபோகும் எஞ்சினுக்கு இது கிட்டுவதில்லை. மாதக்கணக்கான உழைப்பு ஒரு மாலைப்பொழுதிலே தேய்ந்துவிடக்கூடும். எனவே தீப்பொறியின் நேரத்தை எஞ்சின் இயங்கிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடலாகாது. இயங்குமுன்பே அமைத்துவிட வேண்டும்.

மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கு வகுத்திருக்கிறார். எஞ்சினுக்கும் அவ்வொழுங்கே பொருந்தும். ஐயத்துக்கு இடமில்லாத ஒரு நிலையை முதலிற் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒவ்வொன்றாகவே சோதிக்க வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், குணப்படுத்தியது எது, கெடுத்தது எது என்று யாராலும் சொல்ல இயலாது.

காரைச் சமதரையில் நிறுத்தி, கைத்தடையை இழுத்து, கியரை நடுநிலையில் வைத்த பின் பின்வரும் ஒழுங்கிற் செல்க. சுவிச்சை நிறுத்தியே வைத்திருக்க வேண்டும். வேண்டிய இடத்தில் மட்டும் திறக்கலாம்.

முதலாவது, தீப்பொறி உண்டா என்று அறிக. டிஸ்றிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து கொயில் வயரைக் கழற்றி, அதன் நுனியை எஞ்சினின் இரும்பிலிருந்து கால் அங்குலம் விலகி நிற்குமாறு மரத்துண்டொன்றாற் பிடித்துக்கொள்க. மூடியையும் கழற்றிவிட்டு, பொயின்ற்கள் மூடியிருக்கும் நிலையில் சுவிச்சைத் திறந்து, உலர்ந்த மரக்குச்சியால் அவற்றை விலக்குக. நீலநிறத் தீப்பொறி பாய வேண்டும். பெற்றோல் சிந்திய இடத்தில் இதைச் செய்யலாகாது.

இரண்டாவது, பொயின்ற்களின் இடைவெளியை அளக்க. இவ்வகை எஞ்சினுக்கு அது 0.014 முதல் 0.016 அங்குலம் வரை இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் பொயின்ற்கள் முன்னரே திறக்கும். அதாவது தீப்பொறியும் முந்தும். ஆதலின் நேரத்தை அமைத்த பின் இடைவெளியைத் திருத்தினால் அமைத்த நேரம் மாறிவிடும். இடைவெளி முன்னே, நேரம் பின்னே.

மூன்றாவதே உயிர்நிலை. முதலாம் சிலிண்டரின் நெருக்கற் சுற்றைக் கண்டறிதல் வேண்டும். ரேடியேற்றருக்கு அண்மையில் இருப்பதே முதலாம் சிலிண்டர். நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, முதலாவதன் துவாரத்தை ஒருவர் பெருவிரலால் மூட, மற்றவர் முன்னால் இருக்கும் ஹாண்டிலை மெல்லச் சுழற்றுக. விரலைக் காற்று உந்தித் தள்ளுமாயின் அதுவே நெருக்கற் சுற்று. ஐயம் நீங்க இன்னொரு சான்றும் உண்டு. மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் எட்டு வால்வுகள் வரிசையாக நிற்கும். ஈற்றிலுள்ள 7ஆம், 8ஆம் வால்வுகள் ஒன்று மூட ஒன்று திறக்க ஊசலாடும் நிலையில் இருக்குமாயின், நான்காம் சிலிண்டர் புகையைத் தள்ளி முடிக்கிறது. முதலாம் சிலிண்டர் நெருக்கி முடிக்கிறது என்பது பொருள்.

இவ்வேளையில் கிராங்குத் தண்டின் முன்னாலுள்ள கப்பியைப் பார்க்க. அதன் விளிம்பில் ஒரு வெட்டு உண்டு. சங்கிலி மூடியிலே சிறு முட்கள் நீட்டி நிற்கும். பொதுவாக நீண்ட முள் மேலெல்லையையும், மற்றவை அதற்கு 5, 10 பாகை முந்திய நிலைகளையும் காட்டும். காரின் கைந்நூல் கூறும் பாகைக்கு வெட்டைக் கொண்டுவருக. தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பி அப்படியே நிறுத்தாமல், நன்றாகப் பின்னே கொண்டுபோய் மீண்டும் எஞ்சின் சுற்றும் திசையிலேயே வந்து நிறுத்துக. அப்பொழுதுதான் சங்கிலியின் தளர்ச்சியால் பிழை வராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேறோர் எஞ்சினிலிருந்து எடுத்த கப்பியோ மூடியோ பூட்டப்பட்டிருந்தால் அடையாளங்கள் பொய்யுரைக்கலாம். மேல்தலையை இன்னும் பூட்டாதவர்கள் இப்பொழுதே சோதித்துக்கொள்வது நன்று. மேலெல்லையில் பிஸ்ரன் சிறிதுநேரம் அசைவற்றதுபோல் நிற்கும். ஆதலின் கண்ணால் மதிப்பிடல் கூடாது. பிஸ்ரன் ஏறும்போது ஓர் ஆழத்தையும், இறங்கும்போது அதே ஆழத்தையும் அளந்து, இரு நிலைகளிலும் கப்பியில் அடையாளமிடுக. அவ்விரண்டுக்கும் நடுவே உள்ளதே உண்மையான மேலெல்லை.

நான்காவது, றோட்டர் எங்கே பார்க்கிறது என்று நோக்குக. மூடியிலே முதலாம் பிளக்கின் வயர் பூட்டிய இடத்தை அது நோக்கினால் நன்று. நேர் எதிரே நான்காம் வயரை நோக்குமாயின் நோய் அகப்பட்டுவிட்டது. டிஸ்றிபியூட்டரைச் சுழற்றும் சிறு தண்டை எஞ்சினுக்குள் இறக்கியபோது, தவறான மேலெல்லையில் இறக்கியிருக்கிறார்கள். அத்தண்டை வெளியே எடுத்து மீண்டும் ஒழுங்காக இறக்குவதே முறை. முதலாம் சிலிண்டர் நெருக்கலின் மேலெல்லையில் இருக்க, தண்டின் தலையிலுள்ள பள்ளம், பெரிய பாதி மேலே அமைய, கடிகாரத்தின் ஒரு மணி நிலையை ஏறத்தாழக் காட்ட வேண்டும். அதுவரை எஞ்சினை இயக்கிப் பார்ப்பதற்கு 1ஆம், 4ஆம் வயர்களைத் தம்முள்ளும், 3ஆம், 2ஆம் வயர்களைத் தம்முள்ளும் மாற்றினாலும் போதும். றோட்டரின் அரைச்சுற்று கிராங்குத் தண்டின் ஒரு முழுச்சுற்றுக்குச் சமன் என்பதனால் இது பொருந்துகிறது.

ஐந்தாவது, வயர்களின் வரிசை. இவ்வெஞ்சின் வெடிக்கும் ஒழுங்கு 1, 3, 4, 2. மேலிருந்து பார்க்கும்போது றோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலே சுற்றுகிறது. ஆகவே வயர்களையும் அத்திசையிலேயே பூட்ட வேண்டும். பழக்கத்தினால் கடிகாரத் திசையில் பூட்டிவிட்டால் விந்தையான ஒன்று நேரும். 1ஆம், 4ஆம் வயர்கள் சரியான இடத்திலேயே இருக்கும். 3ஆம், 2ஆம் வயர்கள் மாத்திரம் இடம் மாறியிருக்கும். இரண்டு சிலிண்டர்கள் வெடிக்க, இரண்டு இருமும். எஞ்சின் பிடிப்பது போலவும் பிடியாதது போலவும் பேய்க்காட்டுவது இதனாலே.

ஆறாவது, நேரத்தைச் செம்மையாக அமைத்தல். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. 12 வோல்ற் மின்குமிழ் ஒன்றும் இரு வயர்களும் போதும். ஒரு வயரை டிஸ்றிபியூட்டரின் பக்கத்திலுள்ள மெல்லிய வயர் பூட்டிய முனையிலும், மற்றையதை எஞ்சினின் இரும்பிலும் தொடுக்க. கப்பியின் வெட்டு உரிய பாகையில் நிற்க, சுவிச்சைத் திறக்க. பொயின்ற்கள் மூடியிருந்தால் குமிழ் எரியாது. திறக்கும் கணத்தில் எரியும். டிஸ்றிபியூட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, முதலில் றோட்டர் சுற்றும் திசையிலே திருப்பிக் குமிழை அணையச் செய்க. பின்னர் எதிர்த்திசையில் மெல்ல மெல்லத் திருப்பி, குமிழ் எரியும் அந்த நொடியிலே நிறுத்தி, போல்ட்டை இறுக்குக. உடனே சுவிச்சை நிறுத்துக. நீண்டநேரம் விட்டால் கொயில் சூடேறும்.

இவ்வளவும் சரியாயிருந்தும் எஞ்சின் இருமினால், அப்பொழுதுதான் சங்கிலியை ஐயுற வேண்டும். கிராங்குத் தண்டின் பற்சில்லிலும் காம் தண்டின் பற்சில்லிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று நோக்கி நிற்க வேண்டும். ஒரு பல் தவறியிருந்தால் டிஸ்றிபியூட்டரை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. முன்னே கூறிய 7ஆம், 8ஆம் வால்வுகளின் ஊசலாட்டம் மேலெல்லை முள்ளுக்கு அண்மையில் நிகழ்கிறதா என்று பார்த்தால், மூடியைக் கழற்றாமலே இதை ஊகிக்கலாம். வால்வு இடைவெளி 0.012 அங்குலம் இருக்கிறதா என்பதையும் அவ்வேளையிலே பார்த்துக்கொள்க. காபரேற்றரைக் கழற்றுவது இவையெல்லாவற்றுக்கும் பின்னரே.

பழைய அடையாளங்களைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணக் கார்கள் பலவற்றின் டிஸ்றிபியூட்டர்களில் யாரோ ஒருவர் இட்ட கீறலைக் காணலாம். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் நம்மவர் சில துளி பெற்றோல் ஊற்றி எஞ்சினைத் தொடக்கி, மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டியதை மூத்தோர் அறிவர். மண்ணெண்ணெய் எளிதில் தட்டொலி எழுப்பும் எரிபொருள். அதற்குத் தீப்பொறியைப் பிந்த வைக்க வேண்டும். அக்காலத்துக் கீறலொன்று இன்றைய பெற்றோலுக்கு வழிகாட்டி ஆகாது. கீறலை நம்பாதீர்கள், பிஸ்ரனை நம்புங்கள்.

இனி இயக்கலாம். பிளக்குகளைக் கழற்றிய நிலையிலேயே ஸ்ராட்டரால் சுழற்றி, எண்ணெய் அமுக்கம் ஏறியதற்கான அறிகுறியை முதலிற் காண்க. பின்னர் 0.025 அங்குல இடைவெளி வைத்த பிளக்குகளைப் பூட்டுக. அருகில் ஒரு வாளி மணலும் தடித்த சாக்கும் இருக்கட்டும். சிறுவர்களைத் தள்ளி நிற்கச் செய்க. கதவடைத்த கராஜினுள் எஞ்சினை இயக்கலாகாது. அதன் புகை உயிரைக் குடிக்கும். ஒருமுறைக்குப் பத்துச் செக்கனுக்கு மேல் ஸ்ராட்டரைச் சுழற்ற வேண்டாம்.

ஹாண்டிலால் இயக்குவோர் பெருவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்து, கீழிருந்து மேல்நோக்கி இழுக்க வேண்டும். தீப்பொறி முந்தியிருந்தால் ஹாண்டில் திருப்பி அடிக்கும், மணிக்கட்டு முறியும். முன்னாளில் இவ்வாறு கை முறிந்தோர் பலர். சாள்ஸ் கெற்றறிங் அமைத்த மின் ஸ்ராட்டர் 1912ஆம் ஆண்டுக் கடிலாக் காரிலே பூட்டப்பட்ட பின்னரே அவ்வச்சம் குறையத் தொடங்கியது.

எஞ்சின் இயங்கிச் சூடேறிய பின், வீதியிலே இறுதிச் சோதனை. கைந்நூல் எழுதப்பட்ட காலத்துப் பெற்றோல் வேறு, இன்று நாம் வாங்கும் 92, 95 ஒக்டேன் பெற்றோல் வேறு. ஆதலின் சிறு திருத்தம் வேண்டியிருக்கலாம். மலையேறிப் பார்க்க என்று ஆங்கில நூல்கள் கூறும். யாழ்ப்பாணத்தில் மலைக்கு எங்கே போவது? உயர் கியரில் மணிக்கு 20 மைல் வேகத்திலிருந்து மிதியை நன்றாக அழுத்திப் பாருங்கள். தகரத்திலே சிறு கற்கள் உருள்வது போன்ற ஒலி தொடர்ந்து கேட்டால் தீப்பொறி முந்துகிறது. சிறிதே பிந்த வைக்க. ஒலியே இன்றி எஞ்சின் சோம்பினால் சிறிதே முந்த வைக்க. ஒருமுறைக்கு ஒரு மயிரிழையே திருப்ப வேண்டும்.

கடிதம் எழுதிய தம்பிக்கு: தந்தையாரையும் உடன் வைத்துக்கொண்டே இச்சோதனைகளைச் செய்க. பெருவிரலை வைப்பவர் ஒருவர், ஹாண்டிலைச் சுழற்றுபவர் ஒருவர் என இருவர் வேண்டிய வேலை இது. மூன்றாம், நான்காம் படிகளிலேயே விடை கிடைக்கும் என்பது நம் கருத்து. எஞ்சினின் உறுப்பொன்றும் கெட்டிருக்க வேண்டியதில்லை. நல்ல உறுப்புகள் தவறான வேளையிலே தொழில் செய்கின்றன, அவ்வளவே. ஆறு படிகளும் முடியும்வரை இரும்புக் கடைக்காரரிடம் விலை கேட்க வேண்டாம் என்று தந்தையாரிடம் பணிவுடன் கூறுக.

மற்ற மாணவர்களுக்கும் ஒன்று சொல்வோம். ஓர் அப்பியாசப் புத்தகத்தை எடுத்து, பார்த்தது என்ன, மாற்றியது என்ன, விளைந்தது என்ன என்று மூன்று நிரல்களில் எழுதி வாருங்கள். ஆய்வுகூடத்திலே நீங்கள் கற்கும் முறை அதுவே. கையிலே கறுப்பு எண்ணெய் பூசியிருந்தாலும் முறை ஒன்றுதான். புதுப்பித்த எஞ்சினை முதல் ஆயிரம் மைல்களுக்கு எவ்வாறு பேணுவது என்பதை அடுத்த வாரம் ஆராய்வோம்.